கிராண்ட் யார் பேரில்? நம் அம்மன் பாட்டும் பிளகின் வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. சாயங்கால பூஜை முடிந்து, ஒரு தே ஓ கலக்கி வைத்துக்கொண்டு பொறுமையாகப் படிங்க.

போன வருஷத் திருவிழா முடிந்ததிலிருந்து பலரும் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அந்தப் பழைய சிடியில இருந்த நம்ம அம்மன் பாட்டுங்கள சுத்தம் பண்ணி, நல்லா கேக்குற மாதிரி மறுபடி போடலாமே? எல்லாம் கம்ப்யூட்டர்லதானே இருக்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பாட்டு போட்ட கதை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தோட்டத்திலிருந்து கோயில் இந்தத் தாமானுக்கு மாறி வந்த பிறகு, மண்டபத்துக்குப் பின்னால் அண்டா குண்டா அடுக்கி வைக்கும் அறையில், சுவரெல்லாம் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். உடுக்கை அடித்தவர் நம்ம தாத்தா. நாற்பது வருஷம் பால் வெட்டிய கை. அவர் இன்று நம்மோடு இல்லை. பாடிய அம்மாமார்களில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். வீணை, நாதஸ்வரம், தம்பூரா மூன்றுக்கும் அப்போது நமக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் காசு கொடுத்து வாங்கிய ஒரு பிளகினை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே வாசித்தோம்.

அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ செத்துவிட்டது. ஹார்டிஸ்க் மட்டும் பிழைத்தது. இந்த வருஷம் ஒரு பக்தர் தம் ஆபிஸில் கழித்துப்போட்ட இரண்டு கம்ப்யூட்டர்களைக் கோயிலுக்குக் கொடுத்தார். புது விண்டோஸ் தாங்காத பழைய பெட்டிகள். நம்ம பையன்கள் அதில் லினக்ஸ் போட்டார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்தான். ஆனால் யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். நல்ல வேளை, அன்று நாங்கள் பாட்டைக் கோர்த்த மென்பொருள் இன்று லினக்ஸிலும் ஓடுகிறது. பயபக்தியோடு கோப்பைத் திறந்தோம்.

உடுக்கை கேட்டது. அம்மாமார்களின் குரல் கேட்டது. எங்களில் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வீணை இருக்க வேண்டிய இடத்தில், நாதஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. 'பிளகின் கிடைக்கவில்லை' என்ற ஒரு வரிதான் இருந்தது.

காசு கொடுத்து வாங்கிய வாத்தியம் ஏன் பேசவில்லை? அதைத் தேடிப் போனபோதுதான் இந்த முப்பது வருஷ வரலாறு எங்களுக்குத் தெரிந்தது. படிக்கப் படிக்க, இது எங்கேயோ கேட்ட கதை மாதிரியே இருந்தது. கடைசியில் பார்த்தால், நம்ம தோட்டத்துக் கதை!

பிளகின் என்றால் என்ன?

பாட்டு கோர்க்கும் மென்பொருளை ஒரு மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளகின்கள் அங்கே வந்து வாசிக்கும் வித்வான்கள். ஒரு பிளகின் வீணை வாசிக்கும். ஒன்று குரலுக்குக் கோயில் பிராகாரத்தில் பாடுவது போன்ற எதிரொலி சேர்க்கும். ஒன்று இரைச்சலைக் குறைக்கும். மண்டபத்தைக் கட்டியவர் ஒருவர், வித்வானை அனுப்பியவர் இன்னொருவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. "இப்போ ஆரம்பி", "இந்தச் சுரத்தை வாசி", "சத்தத்தைக் குறை" என்று மண்டபம் சொல்வது வித்வானுக்குப் புரிய வேண்டுமென்றால் இருவருக்கும் பொதுவாக ஒரு பேச்சு வேண்டும். அந்தப் பேச்சைத்தான் பிளகின் வடிவம் என்கிறோம்.

உலகத்தில் அதிகம் பேசப்படும் பேச்சு வி.எஸ்.டி. அதைப் பெற்றெடுத்தது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் 1984ல் கார்ல் ஸ்டைன்பெர்க், மன்ஃபிரெட் ரூரூப் என்ற இருவர் தொடங்கிய ஸ்டைன்பெர்க் கம்பெனி. 1989ல் அட்டாரி கம்ப்யூட்டருக்காக கியூபேஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். 1996ல் அதே கியூபேஸில் வி.எஸ்.டி. வந்தது. அதுவரை எதிரொலி சேர்க்க ஒரு பெட்டி, குரலைச் சீராக்க ஒரு பெட்டி என்று ஸ்டூடியோ முழுக்க பெட்டிகளை அடுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய ஆரம்பித்தது. 1999ல் வந்த இரண்டாம் பதிப்பில் வாத்தியங்களே பிளகின்களாக வந்துவிட்டன.

ஸ்டைன்பெர்க் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. இந்தப் பேச்சின் இலக்கணத்தை மற்ற கம்பெனிகளுக்கும் கொடுத்தது. காசு வாங்கவில்லை. "எங்க மண்டபத்துக்கு நீங்களும் வித்வான் அனுப்புங்க" என்றது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பிளகின்கள் பிறந்தது அதனால்தான். அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. இலக்கணக் கோப்புகளை அவர்களிடம் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. இலவசம்தான், ஆனால் நம் சொத்து இல்லை. தோட்டத்தில் லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை என்பார்களே, அந்த மாதிரி. வாடகை இல்லை, கிராண்டும் இல்லை.

லினக்ஸ் பக்கம் என்ன நடந்தது?

1991ல் ஃபின்லாந்தில் லினஸ் தோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் லினக்ஸைத் தொடங்கினார். அதற்கும் முன்னால், 1983லேயே அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கையோடு குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். இவர்கள் வைத்த உரிமத்தின் சாரம் இதுதான்: நான் உனக்குக் கொடுத்ததை நீயும் பிறருக்கு அப்படியே கொடு, உள்ளே இருக்கும் எழுத்து எல்லாவற்றையும் திறந்து காட்டு. நம்ம அன்னதானம் மாதிரி. வாங்கிச் சாப்பிட்டவரே நாளைக்குப் பரிமாறவும் வரலாம்.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. லினக்ஸ்காரர்கள் "எல்லாவற்றையும் கொடு" என்கிறார்கள். வி.எஸ்.டி. உரிமம் "இலக்கணத்தை யாருக்கும் கொடுக்காதே" என்கிறது. இரண்டையும் ஒரே இலையில் பரிமாற முடியாது. பால் டேவிஸ் என்பவர் ஆரம்பித்த ஆர்டோர் என்ற லினக்ஸ் பாட்டு மென்பொருளுக்கு இந்தச் சிக்கல் நேரடியாகவே வந்தது. ஆரம்ப நாட்களில் அதில் வி.எஸ்.டி. வேண்டுமென்றால், பயன்படுத்துபவரே ஸ்டைன்பெர்க்கிடம் போய் அந்தக் கோப்புகளை வாங்கிவந்து, தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே மென்பொருளைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டி முடித்ததை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுக்கவும் முடியாது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. விண்டோஸுக்கு எழுதிய பிளகினுக்கு வி.எஸ்.டி. பேச்சு மட்டும் போதாது. "எனக்கு ஒரு ஜன்னல் திற", "இந்தக் கோப்பைப் படி" என்று விண்டோஸைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸில் அந்தக் கூப்பாட்டுக்கு யார் பதில் சொல்வது?

அதனால் லினக்ஸ்காரர்கள் தங்களுக்கென்று சொந்தப் பேச்சுகளை உண்டாக்கினார்கள். 2000ல் லாட்ஸ்பா வந்தது. பிறகு எல்.வி.2 வந்தது. நல்ல வேலைகள். ஆனால் கடையில் விற்கும் வீணையும் நாதஸ்வரமும் அந்தப் பேச்சைக் கற்கவில்லை. சின்ன மண்டபத்துக்காகப் புதுப் பேச்சு கற்றுக்கொண்டு வர எந்த வித்வான் சம்மதிப்பார்?

கிராணி வேலை பார்த்தவர்கள்

பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். துரைக்குத் தமிழ் அரைகுறை. தொழிலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் கிராணி நின்று இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்வார். லினக்ஸிலும் அப்படித்தான் கிராணிகள் வந்தார்கள்.

முதல் கிராணி வைன். 1993ல் தொடங்கிய திட்டம். விண்டோஸ் மென்பொருள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், விண்டோஸ் இல்லாமலேயே லினக்ஸிலிருந்து பதில் சொல்லும். விண்டோஸின் உள் எழுத்தை மைக்ரோசாப்ட் காட்டாது. அதனால் வெளியிலிருந்து பார்த்துப் பார்த்து, பல நாட்டுத் தொண்டர்கள் பதினைந்து வருஷம் உழைத்த பிறகுதான் 2008ல் அதன் 1.0 பதிப்பு வந்தது. சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும் உண்டு. ஆர்வத்தில் வந்தவர்கள் ஏராளம். தொண்டு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும், அந்த உழைப்பின் அருமையும் நமக்குப் புரியும்.

அடுத்தது, வி.எஸ்.டி. இலக்கணம். 2006ல் ஹாவியர் செர்ரானோ போலோ என்பவர் ஒரு காரியம் செய்தார். ஸ்டைன்பெர்க்கின் கோப்பைத் தொடவே இல்லை. மண்டபமும் பிளகினும் பேசிக்கொள்வதை வெளியிலிருந்து கவனித்து, அந்தப் பேச்சின் இலக்கணத்தைத் தானே புதிதாக எழுதினார். கீர்த்தனையை ஏட்டில் பார்க்காமல், சபையில் கேட்டுக் கேட்டுச் சுரப்படுத்துகிற மாதிரி. எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச இசை மென்பொருளில் வெஸ்டீஜ் என்ற பெயரில் அது இருக்கிறது. ஆர்டோர் உட்பட மற்ற திட்டங்களும் அதை எடுத்துக்கொண்டன. உரிம முடிச்சு இப்படித்தான் தளர்ந்தது.

2020ல் நெதர்லாந்துக்காரரான ராபர்ட் வான் டெர் ஹெல்ம் யாபிரிட்ஜ் என்ற பாலத்தை வெளியிட்டார். விண்டோஸ் பிளகின் வைன் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கம் லினக்ஸ் மண்டபத்தில் அதற்கு ஒரு பிரதிநிதி இருப்பார். மண்டபம் பிரதிநிதியிடம் சொல்லும், அவர் வைன் வீட்டுக்குள் சொல்லி அனுப்புவார், வாசிப்பு திரும்பி வரும். ஒரு நொடியில் பல முறை இந்தப் போக்குவரத்து நடக்கிறது. கேட்கிற நமக்கு ஒன்றுமே தெரியாது. பழைய 32 பிட் பிளகினைக்கூடப் புதிய 64 பிட் மண்டபத்தில் வாசிக்க வைத்துவிடும்.

எங்கள் பையன்களும் யாபிரிட்ஜைப் போட்டார்கள். நம்ம பழைய வீணை பிளகின் எழுந்து வந்தது! திரையில் அதன் படத்தைப் பார்த்ததும் கை தட்டிவிட்டோம். அடுத்த நொடி அது ஒரு கேள்வி கேட்டது: "உங்கள் உரிமத்தை இணையத்தில் உறுதிப்படுத்துங்கள்." உறுதிப்படுத்த வேண்டிய இடம் இணையத்தில் இப்போது இல்லை. விற்றவர்கள் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். ரசீது எங்களிடம் இருக்கிறது. அட்டைப் பெட்டி இருக்கிறது. கதவு திறக்கவில்லை.

கிராணி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பங்களா பூட்டியிருந்தால் அவர் என்ன செய்வார்?

பாலமும் ஆடும்

பாலத்துக்கும் ஒரு குறை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். வைன் வளர்ந்துகொண்டே இருக்கும் மென்பொருள். 2024 கடைசியில் அதன் 9.22 பதிப்பு வந்தபோது, யாபிரிட்ஜில் பிளகின் ஜன்னல்களில் மௌஸால் அழுத்தும் இடம் ஒன்றாகவும் வேலை செய்யும் இடம் வேறாகவும் ஆகிப்போனது. பலர் முந்தைய 9.21 பதிப்புக்கே திரும்பி அங்கேயே நின்றுகொண்டார்கள். யாரையும் குறை சொல்வதற்கு இல்லை. மூடிய பொருளை வெளியிலிருந்து தாங்கிப் பிடிப்பது அவ்வளவு கஷ்டம். யூஎஸ்பி சாவி செருகினால்தான் வேலை செய்யும் பிளகின்கள் பல வைனில் கிளம்புவதே இல்லை.

இதற்கிடையில் ஹாம்பர்க்கில் என்ன நடந்தது? 2008ல் வி.எஸ்.டி. மூன்றாம் பதிப்பு வந்தது. இரண்டாம் பதிப்பின் வளர்ச்சியை நிறுத்துவதாக 2013ல் அறிவித்தார்கள். 2018 அக்டோபரோடு, புதிதாக யாருக்கும் இரண்டாம் பதிப்பு உரிமம் கிடையாது என்று கதவை மூடினார்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் தொடரலாம். அன்றைக்குப் பிறகு பிறந்த சின்ன பிளகின் தயாரிப்பாளருக்கு வழி இல்லை. இருபது வருஷமாக உலகமே பேசிய பேச்சு, ஒரு கம்பெனி தீர்மானித்ததும் புதியவர்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. அவர்கள் செய்தது சட்டப்படி சரி. அவர்கள் நிலம், அவர்கள் இஷ்டம்.

இந்த வரியைப் படிக்கும்போது நம்மில் பெரியவர்களுக்கு எங்கேயோ சுருக்கென்று குத்தும் என்று எங்களுக்குத் தெரியும்.

நம்ம தோட்டத்துப் பாடம்

நெகிரி செம்பிலானில் லிங்கி, சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டமும் தோட்டத்துக்கு ஒரு மாரியம்மனும் முனியாண்டியும் இருந்த காலம் உண்டு. கோயிலைக் கட்டியது யார்? நம்ம பாட்டன் பூட்டன். செங்கல் சுமந்தது நாம். சம்பளத்தில் சந்தா கொடுத்தது நாம். பூஜை போட்டது நாம். நிலம் மட்டும் கம்பெனியுடையது. துரை சரி என்று தலையாட்டினார், அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். "கிராண்ட் யார் பேர்ல?" என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனை போய் தாமான் வந்தது. 1990களில் நீலாய் பக்கமெல்லாம் எவ்வளவு வேகமாக மாறியது என்று பார்த்தவர்கள் நாம். நிலம் கை மாறியபோது நூறு வருஷ வழிபாட்டையும் தூக்கிக்கொண்டு நகர வேண்டியிருந்தது. நம்ம ஆத்தாவும் அப்படி வந்தவள்தான்.

இதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தபோது, தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். பால் வெட்டியவர்கள் போட்ட அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அங்கே கிராண்ட் நம்ம சங்கத்தின் பேரில் இருந்தது.

கட்டற்ற மென்பொருளை எங்கள் குழு இப்படித்தான் புரிந்துகொண்டது. காசு மிச்சம் என்பது இரண்டாவது விஷயம்தான். முதல் விஷயம் கிராண்ட். பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டு வாங்கிய தோட்டம் மாதிரி, பலர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்ட உழைப்பில் எழுந்த சொத்து அது. அதைத் தந்த உரிமத்தைத் தந்தவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

பொதுவாக இருந்தது பிழைத்தது

நம்ம பாட்டில் வீணைச் சத்தம் போய்விட்டது என்றோம். முழுசாகப் போகவில்லை. எந்தச் சுரம், எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தமாக என்ற குறிப்பு அப்படியே இருக்கிறது. அதன் பெயர் மிடி. 1983ல் வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று, ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான கம்பெனிகளை ஒன்றாக உட்கார வைத்து உண்டாக்கிய பொது மொழி. யாரும் காசு கேட்கவில்லை, யாரும் பூட்டு போடவில்லை. நாற்பது வருஷம் கழித்தும் எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம். பாடியவர்களின் குரல் ஏன் பிழைத்தது? அது வேவ் கோப்பாக இருந்தது. 1991லிருந்து இருக்கிறது, எல்லா மென்பொருளும் படிக்கும்.

பொதுவானது பிழைத்தது, பூட்டியது போனது. எங்களுக்குக் கிடைத்த சாட்சி இதுதான்.

தமிழ் எழுத்துக்கும் இதே அனுபவம் உண்டு. இருபது வருஷத்துக்கு முந்தைய திருவிழா அழைப்பிதழ் கோப்பைத் திறந்தால் ஏதோ கிறுக்கல் மாதிரி வருகிறதே, ஏன்? ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று இருந்த காலத்தில் அடித்தது அது. நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1980களிலேயே உருவாக்கியவர், பிறகு தமிழ் யூனிகோடுக்கு மாறுவதற்கும் உழைத்தவர். எல்லோருக்கும் பொதுவான யூனிகோடு வந்த பிறகுதான் இந்தப் பதிவை நாங்கள் அடிக்கவும், சிரம்பானிலும் சென்னையிலும் கனடாவிலும் நீங்கள் அப்படியே படிக்கவும் முடிகிறது.

வி.எஸ்.டி. வரலாறும் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது. 2017ல் மூன்றாம் பதிப்பின் இலக்கணத்தைக் கட்டற்ற மென்பொருள் உரிமத்திலும் கொடுத்தார்கள், லினக்ஸையும் சேர்த்துக்கொண்டார்கள். 2022ல் பெர்லினின் பிட்விக், யூ-ஹி என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து கிளாப் என்ற புது வடிவத்தை, யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்ற உரிமத்தோடு வெளியிட்டன. 2025 அக்டோபரில் ஸ்டைன்பெர்க்கே வி.எஸ்.டி. 3.8 பதிப்பின் இலக்கணத்தை எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்துவிட்டது. எடுத்துக்கொள், பெயரை மட்டும் குறிப்பிடு என்பதுதான் அந்த உரிமம். 29 வருஷம் கழித்துப் பாதைக்குக் கிராண்ட் கிடைத்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திறந்தது பேசும் மொழிதான். ஒவ்வொரு பிளகினும் இன்னும் அதை விற்றவரின் சொத்துதான். விண்டோஸுக்கு மட்டும் செய்த பிளகின் இன்றும் விண்டோஸைத்தான் கூப்பிடும். பூட்டு போட்டிருந்தால் பூட்டுதான். ரோடு பொதுவாகிவிட்டது, வீட்டுச் சாவி இன்னும் அவர்களிடம்.

எங்கள் குழு எடுத்த முடிவுகள்

முதலாவது: கோயில் கம்ப்யூட்டரில் கிராக் செய்த பிளகின் கிடையாது. இதில் பையன்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. "நாம ஏற்கெனவே காசு கொடுத்ததுதானே அண்ணே, பூட்ட உடைச்சா என்ன தப்பு?" என்று ஒரு தம்பி கேட்டான். அவன் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் செய்த திருத்தம் பூட்டை உடைப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. அதோடு பிளகின் செய்தவரும் ஒரு தொழிலாளிதான், அவருக்கும் கூலி உண்டு. திருடிய ஹார்மோனியத்தை வைத்து ஆத்தா முன்னால் பாட மாட்டோம் அல்லவா?

இரண்டாவது: லினக்ஸிலேயே பிறந்த வாத்தியங்களையும் லினக்ஸுக்கென்றே வெளியிடும் வாத்தியங்களையும்தான் முதலில் தேடுவோம். ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ் 2002லிருந்து இருக்கிறது. சர்ஜ் என்ற வாத்தியம் விலைக்கு விற்கப்பட்டு, 2018ல் அதைச் செய்தவரே கட்டற்ற மென்பொருளாகத் திறந்துவிட்டது. தம்பூரா சுருதிக்கு இவை தாராளம்.

மூன்றாவது: யாராவது முறையாக வாங்கிய விண்டோஸ் பிளகினைக் கொடுத்தால், யாபிரிட்ஜ் வழியாகப் பயன்படுத்துவோம். ஆனால் அன்று இரவே, கம்ப்யூட்டரை மூடுவதற்கு முன்னால், அது வாசித்ததை வேவ் கோப்பாக மாற்றி வைத்துவிடுவோம். ஒவ்வொரு தடமும் தனித்தனியாக, பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை. எதிரொலி சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. அன்றைக்கே இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் இன்று வீணை போயிருக்காது. தப்பு எங்களுடையதும்தான்.

நான்காவது: மூன்று பிரதி. ஒன்று கோயிலில், ஒன்று தலைவர் வீட்டில், ஒன்று இணையத்தில். இடத்தை மிச்சப்படுத்த ஃபிளாக் வடிவம். 2001லிருந்து இருக்கிறது, ஒலியில் ஒரு துளியும் குறையாது, யாருடைய பூட்டும் இல்லை.

ஐந்தாவதுதான் எங்களுக்குப் பிடித்தது. உருமி, உடுக்கை, பம்பை, கோயில் மணி எல்லாவற்றையும் நாமே ஒவ்வொரு தட்டாகப் பதிவு செய்து, நமக்கென்று ஒரு வாத்தியம் செய்யப் போகிறோம். எஸ்.எஃப்.இசட். என்ற வடிவம் இருக்கிறது. வேவ் கோப்புகளும், எந்தக் கட்டையை அழுத்தினால் எந்த ஒலி வர வேண்டும் என்று எழுதிய ஒரு சாதாரண எழுத்துக் கோப்பும்தான். கையால் எழுதலாம், கண்ணால் படிக்கலாம். நம்ம நாட்டு உருமியின் உறுமல் கடையில் விற்கும் எந்தப் பிளகினிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தாத்தாவின் உடுக்கைத் தடம் தனியாக இருப்பதால் அதிலிருந்தும் தட்டுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் எந்தக் கோயில் கேட்டாலும் கொடுப்போம். கிராண்ட் எல்லோர் பேரிலும்.

போன வீணைக்கு என்ன செய்வது? மிடிக் குறிப்பைச் சுரமாக எழுதி எடுத்துவிட்டோம். அன்று ஆள் கிடைக்கவில்லை. இன்று நம்ம தாமானிலேயே வீணை கற்கும் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். "நானே வாசிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். தாத்தாவின் உடுக்கைக்கும் அம்மாமார்களின் குரலுக்கும் அவள் வாசிப்பாள். நாதஸ்வரத்துக்கு இன்னும் தேடுகிறோம். யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பக்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய கேசட், சிடி, ஹார்டிஸ்க் எதிலாவது நம்ம தோட்டத்துக் கோயில் திருவிழா, தாலாட்டு, பஜனை, உருமி மேளம் பதிவு இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம். பாட்டு கோர்க்கும் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்றால், தயவு செய்து இன்றைக்கே அதில் இருப்பதை வேவ் கோப்பாக மாற்றி வையுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் பையன்கள் வீட்டுக்கே வருவார்கள், ஒரு தே தண்ணி போதும்.

நிலத்தில் கோட்டைவிட்டதைப் பாட்டிலும் கோட்டைவிட வேண்டாம்.

ஓம் சக்தி! ஆத்தா எல்லோரையும் காப்பாளாக.

ஆலயத் தொண்டர் குழு